போராடியவருக்குப் பல்கலைக்கழக மரியாதை: முதன்முறை முயல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாட்டு விடுதலைக்காகவோ சமூக நீதிக்காகவோ தொழிலாளர் உரிமைக்காகவோ வாழ்நாளைக் கொடுத்த ஒருவருக்கு, அவர் படித்த அல்லது படிக்க முடியாமல் போன பல்கலைக்கழகம் மரியாதை செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. முன்னாள் மாணவர் சங்கம், ஆசிரியர் சங்கம், மாணவர் அமைப்பு, சொந்த ஊர்க்காரர்கள், குடும்பத்தினர் என்று யாராவது ஒருவர் ஆரம்பிக்கிறார்கள். துணைவேந்தருக்கு ஒரு மனு போகிறது. அதோடு நின்றுவிடுகிறது. மனு எந்தக் கூட்டத்தில் வாக்குக்கு வர வேண்டும், கடைசிக் கையெழுத்து யாருடையது, எதைக் கேட்டால் கிடைக்கும் என்பதை யாரும் சொல்லித் தராததே காரணம். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வழி நெடுக இரண்டு விஷயங்களை விடாமல் சொல்வேன். அவர் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு என்ன செய்தது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

முதலில் ஒருவருடைய கதை

விதிகளைப் படிப்பதற்கு முன் ஆதரீன் லூசியின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வேலையில் வரக்கூடிய எல்லாத் திருப்பங்களும் அதில் இருக்கின்றன.

அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகம் 1952இல் அவருக்கு இடம் கொடுத்தது. கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் இடத்தைப் பறித்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. வாதாடியவர்களில் ஒருவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல். வழக்கில் வென்று 1956 பிப்ரவரி 3 அன்று ஆதரீன் வகுப்புக்குப் போனார். 6ஆம் தேதி வளாகத்தில் பெருங்கும்பல் திரண்டு முட்டையும் கல்லும் வீசியது. அவருடைய பாதுகாப்பைக் காரணம் காட்டி நிர்வாகம் அவரையே இடைநீக்கம் செய்தது. நிர்வாகமும் கும்பலோடு சேர்ந்துகொண்டது என்று அவருடைய வழக்கறிஞர்கள் மனு போட்டார்கள். அந்தக் குற்றச்சாட்டைச் சொன்னதற்காகவே அவரை நிரந்தரமாக நீக்கிவிட்டார்கள்.

நீக்க உத்தரவு ரத்தாக 1988 வரை ஆனது. அவர் திரும்பவும் சேர்ந்தார். 1992இல் தொடக்கக் கல்வியில் முதுகலைப் பட்டம் வாங்கினார். அதே சமயத்தில் அவர் மகளும் அங்கே பட்டம் பெற்றார். 2017இல் வளாகத்தில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை வந்தது. 2019இல் கௌரவ டாக்டர் பட்டம். அப்புறம் 2022 பிப்ரவரியில், கல்வியியல் துறை இயங்கும் கிரேவ்ஸ் ஹாலுக்கு ‘லூசி-கிரேவ்ஸ் ஹால்’ என்று பெயர் வைக்க அறங்காவலர்கள் முடிவெடுத்தார்கள். பிப் கிரேவ்ஸ் அந்த மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். 1920களில் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் மான்ட்கோமரி கிளைத் தலைவராகவும் இருந்தவர். கறுப்பின மாணவியின் பெயரும் க்ளான் தலைவரின் பெயரும் ஒரே வாசலில் இருப்பதா என்று மாணவர்களும் மற்றவர்களும் கேட்டார்கள். சில நாட்களிலேயே அறங்காவலர்கள் மறுபடி கூடி கிரேவ்ஸ் பெயரை எடுத்தார்கள். பிப்ரவரி 25 அன்று ‘ஆதரீன் லூசி ஹால்’ திறப்பு விழாவுக்கு அவரே வந்திருந்தார். மார்ச் 2 அன்று, 92 வயதில் காலமானார்.

ஐந்தே நாள் இடைவெளி. ஒரு கூட்டம் தள்ளிப்போயிருந்தால் அவர் அந்த வாசலைப் பார்த்திருக்க மாட்டார்.

எதைக் கேட்பது?

பல்கலைக்கழகம் செய்யக்கூடிய மரியாதைகள் பல. ஒவ்வொன்றையும் முடிவு செய்பவர் வேறு, ஆகும் காலமும் வேறு. எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்டால், இருப்பதிலேயே சின்னதைக் கொடுத்து முடித்துவிடுவார்கள்.

பல்கலைக்கழகத்துக்கே பெயர் வைப்பது மிகப் பெரியது, மிகக் கடினமானது. இந்தியாவில் மாநிலப் பல்கலைக்கழகம் சட்டமன்றச் சட்டத்தால் பிறப்பது. பெயரும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கும். எனவே பெயர் மாறச் சட்டத்திருத்தம் வேண்டும். அவுரங்காபாத்தில் இருந்த மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட 1978 ஜூலை 27 அன்று மகாராஷ்டிர சட்டமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டன. உடனே மராத்வாடா கிராமங்களில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அரசு பின்வாங்கியது. ‘நாமாந்தர்’ என்று மராத்தியில் சொல்லப்படும் அந்தப் போராட்டம் பதினாறு ஆண்டுகள் ஓயவில்லை. 1994 ஜனவரி 14 அன்றுதான் ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம்’ என்ற பெயர் வந்தது. பழைய பெயரை எடுக்காமல் அதன் முன்னால் அம்பேத்கரைச் சேர்த்தார்கள். அந்த ஊரில் 1950லேயே மிலிந்த் கல்லூரியைத் தொடங்கி, ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி கிடைக்கச் செய்தவர் அவர். அப்படிப்பட்டவர் பெயருக்கே இந்த விலை. இந்த வழியில் இறங்குபவர்கள் மக்களின் பாதுகாப்பையும் யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

கட்டடம், விடுதி, அரங்கம், நூலகம் ஆகியவற்றுக்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட் அளவில் முடியும். அமெரிக்காவில் அறங்காவலர் வாரியம், பிரிட்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் கவுன்சில் முடிவு செய்யும். ஒரு விஷயத்தை முன்கூட்டியே விசாரியுங்கள்: அந்தக் கட்டடம் நன்கொடையில் கட்டப்பட்டதா? அப்படியென்றால் பெயர் குறித்து ஒப்பந்தம் இருக்கும். பொதுப்பணத்தில் கட்டிய, ‘மத்திய பிளாக்’, ‘புதிய கட்டடம்’ என்று பொதுவாக அழைக்கப்படுகிற கட்டடமாகப் பார்த்துக் கேட்டால் பாதி எதிர்ப்பு எழவே எழாது. ஜோஹானஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் ‘சென்ட்ரல் பிளாக்’தான் 2017இல் ‘ராபர்ட் சொபுக்வே பிளாக்’ ஆனது. சொபுக்வே அங்கே ஆப்பிரிக்க மொழி கற்பித்தவர். கறுப்பினத்தவர் நடமாட அனுமதிச் சீட்டு வைத்திருக்கக் கட்டாயப்படுத்திய பாஸ் சட்டத்துக்கு எதிராக 1960இல் நடந்த போராட்டத்துக்காக அந்த வேலையை விட்டவர்.

முழுக் கட்டடம் கிடைக்காவிட்டால் நிகழ்ச்சி நடந்த இடத்தைக் கேளுங்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1964 பேச்சுரிமைப் போராட்டத்தின்போது மாணவர் தலைவர் மாரியோ சாவியோ பேசியது ஸ்ப்ரவுல் ஹால் என்ற நிர்வாகக் கட்டடத்தின் படிகளில். அவர் 1996இல் இறந்தார். அடுத்த ஆண்டு அந்தப் படிகளுக்கு ‘மாரியோ சாவியோ படிகள்’ என்று பெயர் வைத்தார்கள். கட்டடத்தின் பெயர் அப்படியே இருக்கிறது. போராட்டம் எங்கே நடந்ததோ அங்கேயே பெயர் இருப்பது, பத்து மாடிக் கட்டடத்தைவிட எனக்கு நிறைவாகப் படுகிறது.

நம் ஊரில் அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒரு நல்ல தொடக்கம். ஒரு தொகையை வைப்பாகக் கட்டினால், அதன் வட்டியில் ஆண்டுதோறும் அவர் பெயரில் ஒரு சொற்பொழிவு நடக்கும். ஆய்வு இருக்கை (அவர் பெயரில் ஒரு பேராசிரியர் பணியிடம்), கல்வி உதவித்தொகை, பரிசு எல்லாம் இதே வகைதான். பணம் திரட்ட முடிந்தவர்கள் இங்கிருந்து ஆரம்பித்தால், கட்டடப் பெயர் கேட்கும் நாளில் ‘இவர் பெயர் ஏற்கெனவே இங்கே இருக்கிறது’ என்று சொல்ல முடியும்.

பட்டங்களில் இரண்டு வகை உண்டு. இந்த வேறுபாடு முக்கியம். கௌரவ டாக்டர் பட்டம் ஒருவருடைய வாழ்நாள் பணிக்கானது. பல பல்கலைக்கழகங்கள் இதை இறந்தவருக்குத் தருவதில்லை. வாங்குபவர் நேரில் வர வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. இன்னொன்று, பறிக்கப்பட்ட படிப்பைத் திருப்பித் தருவது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1869இல் மருத்துவம் படிக்கச் சேர்ந்த சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் தோழிகளும் கலவரத்தையும் வழக்கையும் தாங்கிப் படித்தும், பெண்கள் என்பதால் பட்டம் மறுக்கப்பட்டது. அந்த ‘எடின்பரோ எழுவர்’ பெயரில் 2019 ஜூலையில் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது. இப்போது அங்கே மருத்துவம் படிக்கும் மாணவியர் வாங்கிக்கொண்டார்கள். உங்கள் ஆள் இறந்துவிட்டார், அந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பை இழந்தவர் என்றால், இந்த இரண்டாவது வழியைக் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘கௌரவ டாக்டர்’ பட்டத்தைப் பணத்துக்கு விற்கும் தனியார் அமைப்புகள் நம் ஊரில் இருக்கின்றன. 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு விழா நடத்தி, பிரபலங்களுக்குப் போலிப் பட்டம் கொடுத்தது. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும் அந்தத் தகுதி பெற்ற நிறுவனமும் மட்டுமே பட்டம் தரலாம். இணைப்புக் கல்லூரியால்கூடத் தர முடியாது. மூத்த போராளி ஒருவரை அப்படிப்பட்ட மேடையில் ஏற்றிவிட்டு அவர் பெயரைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஆவணம் தேடுதல்

‘அவர் பெரிய தியாகி’ என்று எழுதினால் குழுவில் யாரும் மறுக்க மாட்டார்கள், வாக்களிக்கவும் மாட்டார்கள். அவருக்கும் அந்த நிறுவனத்துக்கும் என்ன தொடர்பு என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். சேர்க்கைப் பதிவேடு, தேர்வுக்கு விண்ணப்பித்த பட்டியல், நீக்க உத்தரவு, அன்றைய சிண்டிகேட் கூட்டக் குறிப்பு, விடுதிப் பதிவு, வளாக இதழ், அந்த வாரத்துச் செய்தித்தாள், கைதானபோது பதிவான வழக்கு விவரம்: இவைதான் வேண்டும்.

இந்தியாவில் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மனுவில் ‘இவரைப் பற்றிய எல்லாத் தகவலும்’ என்று கேட்காதீர்கள். ‘இந்த ஆண்டு, இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை நடந்த சிண்டிகேட் கூட்டக் குறிப்புகளின் நகல்’ என்று கேளுங்கள். 20 ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்வு என்றால், தகவலை மறுக்கச் சட்டம் தரும் விலக்குகளில் பலவும் பொருந்தாது. 8(3) பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பிரிட்டனிலும் இதற்குச் சட்டம் உண்டு, 20 வேலை நாட்களில் பதில் வர வேண்டும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் பழைய அரசாணைகளைத் தேடலாம்.

அவர் உயிரோடு இருந்தால் முதல் ஆவணம் அவருடைய குரல்தான். போனிலேயே பதிவு செய்யுங்கள். தேதி மறந்திருக்கும், பரவாயில்லை. எந்த வகுப்பறை, யார் துறைத் தலைவர், யார் கூடக் கைதானார்கள் என்பதை அவர் சொல்வார். அதை வைத்துத் தேதியை நீங்கள் தேடிக்கொள்ளலாம்.

விதிப் புத்தகத்தைப் படியுங்கள்

ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் அதன் சட்டமும் சாசன விதிகளும் தனியே உண்டு. இணையதளத்தில் இருக்கும், இல்லையென்றால் பதிவாளரிடம் கேளுங்கள். அதில் ‘கௌரவப் பட்டங்கள்’ என்ற தலைப்பைத் தேடிப் பிடியுங்கள். யார் முன்மொழியலாம், எந்தெந்தக் குழுவில் நிறைவேற வேண்டும், சாதாரணப் பெரும்பான்மையா மூன்றில் இரண்டா, கடைசி ஒப்புதல் யாருடையது: இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

2009ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியப் பல்கலைக்கழகங்களில், கல்விக்குழு பரிந்துரைத்து, செயற்குழுவில் வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் ஆதரித்து, அது குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போக வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஆளுநர் வர மாட்டார், அதன் வேந்தரை நிர்வாகமே நியமிக்கும். தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சிண்டிகேட், அதைவிடப் பெரிய அவையான செனட் என்று கடந்து வேந்தரிடம் போகும். பெரும்பாலானவற்றில் வேந்தர் ஆளுநர்தான்.

அந்தக் கடைசிக் கையெழுத்து எவ்வளவு பெரியது என்பதற்கு மதுரையைச் சொல்ல வேண்டும். விடுதலைப் போராட்ட வீரரும் கம்யூனிஸ்ட் தலைவருமான என். சங்கரய்யா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். 1941இல் இறுதித் தேர்வுக்குச் சில நாட்கள் இருக்கும்போது கைது செய்யப்பட்டார். பட்டம் கைக்கு வரவே இல்லை. மொத்தம் எட்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். மூன்று முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். தமிழ்நாடு அரசின் முதல் ‘தகைசால் தமிழர்’ விருது 2021இல் கிடைத்தபோது, 10 லட்சம் ரூபாயையும் முதலமைச்சர் நிவாரண நிதிக்கே கொடுத்தார். அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட்டும் செனட்டும் 2023இல் தீர்மானம் நிறைவேற்றின. வேந்தரான ஆளுநர் ஆர்.என். ரவி ஒப்புதல் தரவில்லை. நவம்பர் 2 அன்று நடந்த பட்டமளிப்பு விழாவை இணைவேந்தரான உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி புறக்கணித்தார். நவம்பர் 15 அன்று சங்கரய்யா மறைந்தார்.

அலபாமாவில் ஐந்து நாள் மிச்சமிருந்தது. மதுரையில் அந்த நாள் வரவே இல்லை. எண்பது ஆண்டுக்கு மேல் ஒரு பட்டம் பாக்கி நின்றது, அதைத் தீர்க்க இரண்டு அவைகள் முன்வந்தன, ஒரு கையெழுத்து வரவில்லை. இதை எழுதும்போது இப்போதும் மனம் ஆறவில்லை. நூறு வயதில் தொடங்கினால் தாமதம் ஒவ்வொன்றும் மறுப்பாகிவிடும். எழுபது வயதில் தொடங்குங்கள். முடிந்தால் அறுபதிலேயே.

சம்மதமும் ரகசியமும்

கட்டடப் பெயர், அறக்கட்டளை, நினைவுப் பலகை எதுவானாலும் அவரிடமோ குடும்பத்திடமோ எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். தன்னோடு சிறை சென்ற தோழர்கள் பெயரும் சேர வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. ஒருவர் பெயரை மட்டும் உயர்த்தினால் கூட்டாக நடந்த போராட்டம் மறைந்துவிடும். அலபாமாவில் ஆதரீனோடு சேர்ந்து விண்ணப்பித்த பாலி ஆன் மையர்ஸ் என்ற தோழியை, ‘நடத்தை சரியில்லை’ என்று சொல்லிப் பல்கலைக்கழகம் உள்ளேயே விடவில்லை. அந்தப் பெயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

கௌரவப் பட்டத்துக்கு வேறு வழக்கம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பரிந்துரை ரகசியமாக இருக்க வேண்டும், பரிந்துரைக்கப்படுபவருக்கே தெரியக் கூடாது என்பார்கள். விழாவுக்கு ஓராண்டு முன்பே பரிந்துரை போய்ச் சேர வேண்டும் என்ற கெடுவும் சகஜம். எனவே முதலில் விதியைப் பாருங்கள். பத்திரிகைக்குச் சொல்வதெல்லாம் அப்புறம். குழுவில் முடிவாகும் முன் செய்தி வெளியானால், நடுநிலையில் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

முன்மொழிவை எழுதுவது

இரண்டு பக்கம் போதும். முதல் பத்தியில் என்ன கேட்கிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: எந்தக் கட்டடம், என்ன பெயர், எந்த விதிப்படி. இரண்டாவது பத்தியில் அவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பு, ஆவண எண்ணோடு. அப்புறம் அவர் என்ன செய்தார். அடைமொழி இல்லாமல், ஆண்டோடு. கடைசியில் செலவு எவ்வளவு, யார் தருவார்கள். ஆவண நகல், சம்மதக் கடிதம், ஆதரவுக் கடிதங்கள் இணைப்பாகப் போகட்டும். அரசியலில் எதிர்முகாமில் இருக்கும் மதிப்புள்ள ஒருவர் தரும் ஒரு கடிதம், சொந்த முகாமின் இருபது கடிதங்களைவிடப் பலம் வாய்ந்தது.

கல்வெட்டு வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். இதை விட்டுவிட்டால் ‘சிறந்த சமூக சேவகர், பன்முக ஆளுமை’ என்று யாருக்கும் பொருந்துகிற ஒரு வரியைச் செதுக்கிவிடுவார்கள். ஆதரீன் லூசிக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

‘ஆதரீன் லூசி ஃபாஸ்டர், 1929–2022. இப்பல்கலைக்கழகத்தில் வகுப்புக்கு வந்த முதல் கறுப்பின மாணவி. 1956 பிப்ரவரியில் கும்பல் தாக்கியபோது நிர்வாகம் அவரைக் காக்கவில்லை, நீக்கியது. 1988இல் நீக்கத்தை ரத்து செய்தது. 1992இல் அவர் இங்கே பட்டம் பெற்றார்.’

நான்கு விஷயங்கள் இதில் இருக்கின்றன: அவர் யார், என்ன நடந்தது, நிறுவனம் என்ன செய்தது, எப்போது திருத்திக்கொண்டது. நிர்வாகம் மூன்றாவது வரியை எடுக்கச் சொல்லும். விட்டுக்கொடுக்காதீர்கள். பெயரை மட்டும் வைத்துவிட்டு அந்த வரியை விழுங்கினால், ‘நாங்கள் எப்போதும் இவர் பக்கம்தான் இருந்தோம்’ என்று நாளைய மாணவர் நம்பிவிடுவார்.

எதிர்ப்பு வரும்போது

பெயருக்கு வரும் எதிர்ப்பு எல்லாமே ஒரே ரகம் இல்லை. ‘இவர் கட்சிக்காரர்’ என்பது ஒன்று. அதற்கு ஆவணம்தான் பதில். கட்சிப் பணியையும் பொதுப்பணியையும் ஒளிக்காமல் இரண்டையும் எழுதிவிடுங்கள். ‘பதவியில் இருப்பவர்’ என்பது நியாயமான எதிர்ப்பு. பதவியில் உள்ளவர் பெயரை வைக்கக் கூடாது என்று பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விதியே உண்டு, அது நல்ல விதி. அதிகாரத்தில் இருப்பவருக்குத் தரும் பட்டத்தில் அச்சமும் எதிர்பார்ப்பும் கலந்துவிடும்.

சாதியை முன்வைத்து வரும் எதிர்ப்பு மிகக் கொடியது. 1997இல், கட்டபொம்மனின் தளபதியும் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவருமான வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அமைந்ததை ஒட்டித் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. எனவே பெயர் கேட்பதற்கு முன், சுற்றுவட்டாரத்தில் அந்தப் பெயரை எதிர்க்கக்கூடியவர்களிடம் நேரில் போய்ப் பேசுங்கள். சிரமமான வேலைதான், இருந்தாலும் மனு எழுதுவதைவிட இது அவசியம்.

கூட்டுப் பெயர் என்ற சமரசத்தை நிர்வாகம் நிச்சயம் முன்வைக்கும். அவுரங்காபாத்தில் அது பொருந்தியது. ‘மராத்வாடா’ ஒரு நிலப்பகுதியின் பெயர். அம்பேத்கரோடு அது மோதவில்லை. அலபாமாவில் பொருந்தவில்லை, ஏனென்றால் ஒடுக்கிய அமைப்பின் தலைவரும் ஒடுக்கப்பட்டவரும் ஒரே பலகையில் நிற்க வேண்டியிருந்தது. இந்த அளவுகோலை வைத்தே ஏற்பதா மறுப்பதா என்று நீங்கள் தீர்மானிக்கலாம்.

இன்னொரு கேள்வியும் வரும்: ‘நாளைக்கு இவர் மாறிவிட்டால்?’ உயிரோடு இருப்பவருக்குத் தரும்போது அந்த வாய்ப்பு உண்மையிலேயே உண்டு. ஜிம்பாப்வே விடுதலைக்குப் போராடி, ஆட்சிக்கு வந்தபின் ஒடுக்குமுறையில் இறங்கிய ராபர்ட் முகாபேக்கு 1984இல் தந்த பட்டத்தை எடின்பரோ 2007இல் திரும்பப் பெற்றது; 1986இல் தந்ததை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 2008இல் ரத்து செய்தது. மியான்மரில் ரோஹிங்யா மக்கள் மீது நடந்த வன்முறைக்குப் பிறகு, அந்நாட்டுத் தலைவர் ஆங் சான் சூச்சிக்குக் கொடுத்த பட்டத்தைக் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகம் 2018இல் விலக்கிக்கொண்டது. திரும்பப் பெறும் விதி ஏற்கெனவே இருக்கிறது என்பதே இந்தக் கேள்விக்குப் பதில். மத்தியப் பல்கலைக்கழகச் சாசனத்திலும் அதே மூன்றில் இரண்டு வாக்கோடு அது உண்டு. அந்தப் பயத்துக்காக எல்லோரையும் மரணம் வரை காக்க வைப்பது சரியல்ல. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் 1967 நவம்பர் 13 அன்று மார்ட்டின் லூதர் கிங்குக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. அவர் ஒரு நாளுக்கும் குறைவான நேரத்துக்கு அங்கே வந்து, இனவெறி, வறுமை, போர் ஆகிய மூன்றையும் பற்றி எழுதி வைக்காமல் பேசினார். அடுத்த ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வாழும்போதே கௌரவித்த ஒரே பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் அதுதான்.

தீர்மானம் நிறைவேறிய பிறகு

விழாவோடு வேலை முடியாது. தீர்மானத்தின் நகலை எண்ணோடும் தேதியோடும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வளாக வரைபடம், கால அட்டவணை, தேர்வு அறை ஒதுக்கீடு, கூகுள் மேப், அஞ்சல் முகவரி எல்லாவற்றிலும் புதுப் பெயர் வருகிறதா என்று ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். சுருக்கெழுத்தில் பெயரைக் கரைத்துவிடும் பழக்கம் எல்லா வளாகத்திலும் உண்டு. அழைக்கும் பெயர் எது என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிட்டால் நல்லது. நீங்கள் திரட்டிய ஆவணங்களின் ஒரு தொகுப்பு நூலகத்துக்குப் போகட்டும்.

தீர்மானம் இல்லாத பெயர் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் சிட்டி காலேஜ் ஓர் உதாரணம். அங்கே 1989 போராட்டத்துக்குப் பின் மாணவர்கள் தங்கள் அறைக்கு கில்லர்மோ மொராலெஸ், அசாட்டா ஷகூர் என்ற இரு முன்னாள் மாணவர்களின் பெயரை வைத்தார்கள். இருவரும் அமெரிக்க அரசால் தேடப்பட்டவர்கள். 2006இல் பத்திரிகையில் சர்ச்சை எழுந்ததும் பலகையை எடுக்க உத்தரவு வந்தது. 2013இல் அறையே பறிபோனது. விட்ஸ் பல்கலைக்கழகத்தில் வேறு மாதிரி நடந்தது. 2015 கட்டணப் போராட்டத்தின்போது மாணவர்கள் செனட் ஹவுஸில் உட்கார்ந்து, நிறவெறி அரசால் 22 வயதில் தூக்கிலிடப்பட்ட போராளி சாலமன் மஹ்லாங்குவின் பெயரால் அதை அழைக்க ஆரம்பித்தார்கள். பிறகு நிர்வாகமும் முறைப்படி ஏற்று, இன்று அது சாலமன் மஹ்லாங்கு ஹவுஸ். மக்கள் வாயில் பெயர் நிலைக்கும்போதே அதைத் தீர்மானமாக மாற்றும் வேலையையும் பார்க்க வேண்டும்.

மறுத்துவிட்டால்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்தக் குழு, எந்தத் தேதி, என்ன காரணம் என்று பதிவாக வேண்டும். சிண்டிகேட்டோ செனட்டோ நிறைவேற்றிய தீர்மானம், மேலே ஒப்புதல் கிடைக்காவிட்டாலும் ஆவணமாக நிற்கும். அதன் சான்றிட்ட நகலை வாங்கி அவரிடமோ குடும்பத்திடமோ கொடுங்கள். வேந்தரோ துணைவேந்தரோ மாறும்போது, சாசனத்தில் தடை இல்லையென்றால், திரும்பவும் முன்மொழியலாம்.

அதே சமயம், மேலே யாருடைய கையெழுத்தும் தேவைப்படாத வழிகளில் இறங்குங்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ரெக்டர் என்ற பதவிக்கு மாணவர்களே வாக்களிக்கிறார்கள். 1962இல் அவர்கள் தேர்ந்தெடுத்தது தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுத்துலியை. நிறவெறி அரசு அவரை ஊரைவிட்டு நகர விடவில்லை என்று தெரிந்தும் தேர்ந்தெடுத்தார்கள். நம் வளாகங்களில் அந்தப் பதவி இல்லை. ஆனால் அவர் படித்த கல்லூரி தன் நூலகத்துக்கோ விடுதிக்கோ பெயர் வைக்கலாம். துறை தன் ஆண்டுக் கருத்தரங்கை அவர் பெயரில் நடத்தலாம். முன்னாள் மாணவர்கள் உதவித்தொகை தொடங்கலாம். இதில் ஒன்றையாவது இந்த ஆண்டே, அவர் மேடைக்கு நடந்து வரக்கூடிய நிலையில் இருக்கும்போதே ஏற்பாடு செய்யுங்கள். கட்டடப் பெயருக்கான மனு ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கட்டும்.